பாலத்தின் காது

குன்வோர் பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு தொலைபேசி நிலையத்தில். தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, இந்தத் துளையிலிருந்து ஒயரைப் பிடுங்கி அந்தத் துளையில் செருகி, மீன் வியாபாரியை ஐஸ் தொழிற்சாலையோடும் மாமியாரை மருமகனோடும் சேர்த்து வைத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் நார்வே முழுக்க எல்லாம் தானியங்கி ஆகிவிட்டது. குன்வோர் வடக்கே ஒரு துறைமுக நகரத்தின் மருத்துவமனைக்கு மாறி, அங்கே தொலைபேசி மேசையில் உட்கார்ந்தார். தொண்ணூற்றாறில் அந்த மருத்துவமனையின் அடித்தளத்தில் அலமாரி உயரத்துக்குச் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது. அதை யார் பார்த்துக்கொள்வது என்று கூட்டம் போட்டார்கள். பொறியாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குன்வோர் கையைத் தூக்கினார்.

"பழைய வேலைதானே," என்றார். "இப்போ மூஞ்சியும் சேந்து வருது, அவ்வளவுதான்."

அந்தப் பெட்டிக்குப் பாலம் என்று பெயர். இரண்டு ஊர்க்காரர்கள் வீடியோவில் பார்த்துப் பேச அது தேவையில்லை. மூன்றாவது ஊர் சேரும்போதுதான் நடுவில் ஒரு பாலம் வேண்டும். எல்லோருடைய சத்தமும் அதற்குள் போய்க் கலந்து எல்லோருக்கும் திரும்பும். படம் அப்படியல்ல, ஒரு நேரத்தில் ஒருவர் முகம்தான் காட்ட முடியும். யார் பேசுகிறார் என்பதைப் பாலம் காதால் கண்டுபிடித்து, அவர் முகத்தை மற்ற எல்லாத் திரைக்கும் அனுப்பும்.

பெட்டியோடு ஓஸ்லோவிலிருந்து மூன்று பக்கத் தாள் ஒன்றும் வந்தது. வீடியோ சந்திப்பின் தரங்களும் சொற்களும் என்று தலைப்பு. எல்லா மருத்துவர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். எல்லோரும் அதைக் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்தார்கள். குன்வோர் மட்டும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் படித்தார். அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி, ஓரமெல்லாம் அவருடைய பென்சில் எழுத்து.

படத்தையும் சத்தத்தையும் சுருக்கி அனுப்பி, எதிர்முனையில் விரிக்கும் கோடெக் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவர் எழுதியிருப்பது: "கருவாடு. இங்கே காயவைத்து அனுப்புகிறோம், அங்கே ஊறவைக்கிறார்கள். திரும்பி வருவது அதே மீன் இல்லை. ஆனாலும் சாப்பிடலாம்."

தரம் என்பதற்கு: "யார் செய்த பெட்டியும் யார் செய்த பெட்டியோடும் பேச வேண்டும் என்ற வாக்கு."

அந்தத் தாளில் தரங்களுக்கெல்லாம் வீட்டு எண் மாதிரி எண்கள் இருந்தன. ஹெச் 320 என்றால் தொலைபேசிக் கம்பி வழியாகப் போகிறவர்கள். ஹெச் 323 என்றால் கணினி வலை வழியாகப் போகிறவர்கள், புதிதாக வந்தவர்கள். இரண்டு கூட்டமும் நேராகப் பேசிக்கொள்ளாது. நடுவில் கேட்வே என்று ஒன்று வேண்டும். அதற்கு எதிரே, "மொழிபெயர்ப்பாளர், சம்பளம் கிடையாது" என்று எழுதி வைத்தார். ஆனால் அவருக்கு மிகவும் பிடித்தது இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருந்த ஒரு பத்தி. இணைப்புக் கிடைத்ததும் இரண்டு பெட்டிகளும் முதலில் தமக்கு என்னென்ன தெரியும் என்று சொல்லிக்கொள்கின்றன. எனக்கு இந்த வகைப் படம் தெரியும், இந்த வகைச் சத்தம் தெரியும், உனக்கு? இரண்டுக்கும் தெரிந்ததில் எது நல்லதோ அதில் பேச்சு தொடங்குகிறது. அதன் ஓரத்தில் ஒரே வரி: "தெரியாததற்காக யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. நம் ஊர்க் கல்யாணப் பேச்சுகளைவிட மரியாதை."

வியாழக்கிழமைதான் குன்வோருக்குப் பெரிய நாள். அன்று ஹெஸ்ட்வேர் தீவுக்குத் தோல் மருத்துவர் வீடியோவில் நோயாளிகளைப் பார்ப்பார். மூன்று இடங்கள். மருத்துவமனையில் டாக்டர் ஐவின்ட். தீவுக்கு எதிர்க்கரையில் வட்டார மருத்துவர் டோர்டிஸ். தீவின் சுகாதார நிலையத்தில் நர்ஸ் ராக்னா. ஒன்பது மணிக்குத் தொடங்கும். எட்டரைக்கே குன்வோர் தீவைக் கூப்பிட்டு எல்லாம் சரியா என்று பார்ப்பார். எதிரே உட்காருவது ஹில்மார். தீவின் பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், படகுத்துறை எல்லாவற்றுக்கும் அவர்தான் பராமரிப்பாளர். பனி தள்ளும் வண்டியும் அவர்தான். கேமராவும் அவர்தான்.

"சத்தம் வருதா, பட்டணத்துக்காரி?"

"வருது. மூஞ்சியும் வருது. அதை நிறுத்த ஏதாவது தரம் இருக்கான்னு தாள்ல தேடிட்டு இருக்கேன்."

"உன் மூஞ்சி இங்க பச்சையாத் தெரியுது. படகுல வாந்தி எடுத்தவ மாதிரி."

"டிவியைத் தட்டு."

"தட்டிட்டேன். டிவி நல்லா இருக்கு."

தீவுக்கு ஆறு தொலைபேசி இணைப்புகளைச் சேர்த்து ஒரே கயிறாக முறுக்கினால்தான் படம் ஓடும். ஆறும் வந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை. இருவரும் அதற்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருடமாக வியாழன்தோறும் இப்படித்தான். குன்வோருக்கு ஐம்பத்திரண்டு, ஹில்மாருக்கு ஐம்பத்தாறு. இருவரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை.

தொண்ணூற்றேழு ஏப்ரல் கடைசியில் டாக்டர் ஐவின்ட் படியிறங்கி அடித்தளத்துக்கு வந்தார். தெற்கேயிருந்து வந்து இரண்டு வருடம் ஆனவர். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். கையில் ஓர் அறிக்கை.

"குன்வோர், உங்ககிட்ட முதல்ல சொல்லிடணும்னு வந்தேன். ஹெஸ்ட்வேர் சரிவரல. ஜூன் பன்னிரண்டு ஓஸ்லோ அதிகாரிங்க கூட்டத்துல அதைத்தான் சொல்லப் போறேன். தீவுல இருக்கிற பெட்டியை வேற ஊருக்குக் கொடுத்துடலாம்."

"லைன் விழுதா?"

"லைன்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆளுங்கதான். எட்வின் இருக்காரே, கால்ல புண்ணோட. வலிக்குதான்னு கேக்கிறேன். பாத்துட்டே இருக்கார். களிம்பை மாத்தலாமான்னு கேக்கிறேன். பாத்துட்டே இருக்கார். கல்லு மாதிரி. பதிலே சொல்லாத ஆளுக்கு நான் எப்படி மருந்து மாத்துறது?"

"எட்வினா? மீனைப் பத்தி ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் பேசுவாரே."

"மீனைப் பத்திப் பேசறார். அது நல்லாக் கேக்குது. அதனாலதான் சொல்றேன், சத்தம் தொலையறதா இருந்தா எல்லாம்தானே தொலையணும்? அந்தத் தீவுல எல்லாருமே அப்படித்தான். கேமரான்னா கூச்சம் போல."

அவர் சொன்னதில் தவறு இல்லை. அதுதான் குன்வோருக்குக் கஷ்டமாக இருந்தது. பெட்டி போய்விட்டால் எட்வின் வாரம் ஒருமுறை கரைக்குப் படகில் வந்து, ஐந்து மணி நேரம் பேருந்தில் காலை எதிர் இருக்கையில் நீட்டி வைத்து, நடுவில் இன்னொரு படகு ஏறி, இந்த மருத்துவமனைக்கு வந்து, பத்து நிமிடம் காலைக் காட்டிவிட்டு, மறுநாள் திரும்ப வேண்டும். எழுபத்தொரு வயதில். வியாழக்கிழமை எட்டரை மணியும் இருக்காது. குன்வோர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"பன்னிரண்டாம் தேதி வரைக்கும் டைம் கொடுங்க," என்றார். "சத்தம் எங்கேயோ தொலையுது. எங்கன்னு கண்டுபிடிச்சுடறேன்."

அந்த வருடம் மே மாதத்தின் முதல் இரண்டு வியாழனும் விடுமுறை. பதினைந்தாம் தேதிதான் அடுத்த சந்திப்பு. அதற்குள் குன்வோர் தாளை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். சத்தத்துக்கு மூன்று தரம் இருந்தது. ஒன்று சாதாரணத் தொலைபேசிக் குரல். ஒன்று அதையும் இறுக்கி மெல்லிசாக்கியது. மூன்றாவது அகலமானது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். மூன்று பேர் சேர்ந்தால் பாலம் எல்லோரையும் பொதுவான ஒன்றுக்கு இறக்கிவிடும். டோர்டிஸிடம் இருந்த பழைய பெட்டிக்கு மெல்லிசு மட்டும்தான் தெரியும். ஆகவே எல்லோரும் மெல்லிசாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிடித்துவிட்டோம் என்று குன்வோருக்குத் தோன்றியது. டோர்டிஸைக் கெஞ்சி, பெட்டியை மாற்ற வைத்தார். பதினைந்தாம் தேதி எல்லோரும் அகலமாகப் பேசினார்கள். ராக்னாவின் நாற்காலி கிரீச்சிடுவதுகூடக் கேட்டது.

"வலி குறைஞ்சிருக்கா, எட்வின்?" என்று டாக்டர் கேட்டார்.

எட்வின் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இருபத்திரண்டாம் தேதி சந்தேகம் எதிரொலி மேல் விழுந்தது. ஒருவர் பேசும்போது அவர் குரலே சுற்றித் திரும்பி வராமலிருக்கப் பெட்டி ஒரு பக்கத்தை அமுக்கி வைக்கும். டாக்டர் அவசரக்காரர், அவர் வாயை மூடுவதற்குள் எட்வின் பதில் சொல்லியிருப்பார், அது அமுங்கியிருக்கும். ஆகவே கேள்வி கேட்டபின் மூன்று எண்ணும்வரை பேசாமல் இருக்கும்படி டாக்டரிடம் சொன்னார். டாக்டர் விரல் விட்டு எண்ணினார். தீவில் எட்வினும் அந்த விரல்களைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றும் வரவில்லை.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்று தீவிலிருந்து எட்வின் கேட்டார், தெளிவாக. "தெக்கத்தி டாக்டர் எதுக்கு எனக்கு விரலைக் காட்டுறாரு?"

மே இருபத்தொன்பது. எட்டரை மணி. வெளியே பனி உருகித் தெருவெல்லாம் தண்ணீர். குன்வோர் பாலத்தின் முகப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வரிசைப் பச்சை விளக்கு. சத்தம் வரும்போது கீழிருந்து ஒவ்வொன்றாக மேலே ஏறும். தன் மேசை ஒலிவாங்கிக்கும் ஒரு வரிசை இருந்தது.

"தூங்கலையா நீ?" என்று ஹில்மார் கேட்டார். "கண்ணு ரெண்டும் நண்டு மாதிரி இருக்கு."

"தாளைப் படிச்சிட்டிருந்தேன்."

"இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு, இல்லையா?"

குன்வோர் பதில் சொன்னார். சொல்லும்போது கண் விளக்கு வரிசை மேல் இருந்தது. அவருடைய வரிசையில் ஒரு விளக்கும் ஏறவில்லை.

"குன்வோர், ரெண்டு வாரம்தானேன்னு கேட்டேன்."

மறுபடி சொன்னார். விளக்கு செத்துக் கிடந்தது.

"அட, நீயும் எட்வின் மாதிரி ஆயிட்டியா?"

குன்வோர் மெதுவாகத் தன் நெஞ்சின் மேல் கையை வைத்தார். இரண்டு தடவையும் ஆமாம் என்றுதான் சொல்லியிருந்தார். வடக்கத்திக்காரர்கள் எல்லோரும் சொல்வது போல, மூச்சை உள்ளே இழுத்தபடி, "யா" என்று. சூடான காப்பியை உறிஞ்சும்போது வருகிற அளவுக்குத்தான் சத்தம். அவருடைய அப்பா அப்படித்தான் சொன்னார், தொலைபேசி நிலையத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், மேலே மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நாள் முழுக்க எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை ஒரு சொல்லாகவே யாரும் நினைத்ததில்லை. இமை மூடுவதை யார் நினைக்கிறார்கள்?

"ஹில்மார், நான் இப்போ என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லலையே. வாயைத் திறந்துட்டு உக்காந்திருந்தே."

"சொன்னேன். ரெண்டு வாட்டி சொன்னேன். இப்போ நீ ஆமான்னு சொல்லு."

"யா," என்று ஹில்மார் கத்தினார். தீவின் வரிசை உச்சிவரை எகிறியது.

"அப்படி இல்ல. சும்மா இரு, நான் கேக்கிறேன். உன் பேரு ஹில்மார்தானே?"

திரையில் ஹில்மாரின் உதடு லேசாகப் பிரிந்தது. காயவைத்து ஊறவைத்த படம், அசைவு பாதியிலேயே கரைந்துவிட்டது. விளக்கு ஒன்றுகூட ஏறவில்லை.

"அங்க பனி உருகிடுச்சா?"

இப்போதும் விளக்கு ஏறவில்லை.

"உன்னைப் பெத்ததுக்கு உங்கம்மா வருத்தப்பட்டாங்களா?"

ஹில்மார் வெடித்துச் சிரித்தார். விளக்குகள் எல்லாம் ஒரே தாவாகத் தாவின. குன்வோரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு டாக்டரைக் கூப்பிட மேலே ஓடினார். அந்தப் படிகளில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

டாக்டர் ஐவின்ட் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். இரண்டு வருடமாக வார்டில் அவர் தினமும் நூறு தடவை கேட்கும் சத்தம்தான். நேரில் கேட்டபோது புரிந்தது, திரையில் அது வராதபோது ஒன்று குறைகிறது என்று தோன்றவே இல்லை.

"அப்போ வெளிய விட்டுச் சொல்லச் சொல்லிடலாமே," என்றார். "சுலபம்தானே."

அன்றே முயன்று பார்த்தார்கள். ராக்னா தீவில் எல்லோருக்கும் விளக்கினார். எட்வின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வலி குறைஞ்சிருக்கா, எட்வின்?"

"யா," என்று எட்வின் முழங்கினார், பக்கத்துப் படகைக் கூப்பிடுவது போல. டோர்டிஸின் அறையில் ஒலிபெருக்கி அதிர்ந்தது.

"ராத்திரி தூக்கம் வருதா?"

"யா."

"புது களிம்பு போட்டுப் பாக்கலாமா?"

எட்வின் யோசித்தார். யோசித்ததில் மறந்துபோய்விட்டார். உதடு பிரிந்தது, மார்பு லேசாக ஏறியது, அமைதி.

"எட்வின்," என்றார் ராக்னா பக்கத்திலிருந்து.

"என்னை விடு தாயி. எழுபத்தோரு வருஷமா உள்ள இழுத்தவன் நான். ஆஸ்பத்திரிக்காரனுக்காக இப்போ திருப்பி விடணுமா? வெளிய விட்டுச் சொன்னா நானே என்னை நம்ப மாட்டேன்."

பாலத்தைச் செய்தவர்களின் பொறியாளர் வேறு நாட்டில் இருந்தார். குன்வோர் மறுநாள் காலை அவரைத் தொலைபேசியில் பிடித்தார். தாளில் படித்த ஆங்கிலத்தை வைத்து விஷயத்தைச் சொன்னார்.

"அது பேச்சு இல்லீங்க," என்றார் பொறியாளர். "காத்து இரைச்சல். எங்க பெட்டி அதைச் சரியாத்தான் வெட்டுது."

"எங்க ஊர்ல அதுதான் ஆமாம்."

எதிரே பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது.

"எல்லா ஆமாமுமா?"

"மனசாரச் சொல்றதெல்லாம்."

"அப்போ வெளிய விடற ஆமாம்?"

"அது சர்ச்சுக்கும் போலீசுக்கும்."

பொறியாளர் சிரித்தார். பிறகு அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. எது பேச்சு, எது இரைச்சல் என்பதை எந்தத் தரமும் சொல்லவில்லை என்றார். குரலை எப்படிக் காயவைப்பது என்று தரம் சொல்லும், எந்த மீனைத் தூக்கிப் போடுவது என்று சொல்லாது. பாலத்தைச் செய்தவர்கள் தங்கள் ஊர் மூச்சை வைத்து முடிவு செய்திருந்தார்கள். பாலத்தின் அமைப்புகளில் ஏழாவது திரையில், கடவுச்சொல்லுக்குப் பின்னால், ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக அந்த இரைச்சல் வடிகட்டியை நிறுத்தலாம். பாலத்தின் காது எவ்வளவு கூர்மை என்பதையும் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை மாற்றலாம். குன்வோர் எல்லாவற்றையும் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டார்.

ஜூன் ஐந்தாம் தேதி தீவுக்கு வடிகட்டி கிடையாது. பாலத்தின் காதையும் குன்வோர் கூர்மையாக்கியிருந்தார்.

"அந்தக் களிம்பு சரிப்பட்டு வருதா, எட்வின்?"

காற்று இழுபட்டது. மெல்லிசாக, தெளிவாக, டாக்டர் ஐவின்ட்டின் மேசையிலிருந்த ஒலிபெருக்கியில் ஒரு "யா" விழுந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அந்தப் பத்து நிமிடத்தில் எட்வினிடம் பதினாறு கேள்வி கேட்டார், பாதி தேவையில்லாதவை. பதினான்குக்குப் பதில் வந்தது. போன இரண்டு மாதத்தில் எட்வின் தன்னிடம் என்னென்ன சொல்லியிருப்பார் என்று பிறகு குன்வோரிடம் வருத்தப்பட்டார்.

ஆனால் கூர்மையான காதுக்கு எல்லாம் கேட்கும். டோர்டிஸ் ஒரு குழந்தையின் தோல் படையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது திரை தானாகத் தீவுக்குத் தாவியது. அங்கே யாரும் பேசவில்லை. சன்னல் விளிம்பில் கூடு கட்டியிருந்த கடல்காகம் ஒன்று கத்தியிருந்தது. திரை டோர்டிஸுக்குத் திரும்பியது. மறுபடி தீவுக்குத் தாவி, களகளவென்று கொதித்துக்கொண்டிருந்த காப்பி இயந்திரத்தை மற்ற இரண்டு இடத்துக்கும் காட்டியது. அது அடங்கியதும் ராக்னாவின் பின்னல் ஊசிகள்.

"ராக்னா, ஊசியைக் கீழ வைங்க," என்றார் குன்வோர்.

"கையை என்ன பண்றது?"

"உக்காந்துக்குங்க அது மேல."

அடுத்த வாரம் முழுவதும் ஹில்மார் அந்த அறையைத் தயார் செய்தார். காப்பி இயந்திரம் அடுத்த அறைக்குப் போனது. நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டினார். கடல்காகம் முட்டை மேல் உட்கார்ந்திருந்ததால் அதை விரட்ட முடியவில்லை. ஒரு மணி நேரம் அது வாயைத் திறக்காமலிருக்க ஒரு வாளி மீன் குடல் ஏற்பாடானது. காப்பி இல்லாமல் ஒரு கூட்டம் என்பதைத்தான் தீவில் யாராலும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

"போர்க்காலத்துலகூட இதைக் கேக்கல," என்றாராம் எட்வின்.

ஜூன் பன்னிரண்டு. கூட்டத்துக்குத் தலைவி டாக்னி என்ற அதிகாரி, ஓஸ்லோ அலுவலகத்திலிருந்து. அங்கே இருந்தது புது வகைப் பெட்டி, கணினி வலைக்காரர்களுடையது. அவருக்கும் பாலத்துக்கும் நடுவே சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர் உட்கார வேண்டியிருந்தது. குன்வோருக்கு அதுதான் கவலை. தீவின் மூச்சு ஒருமுறை காய்ந்து, ஊறி, மறுபடி காய்ந்து, ஓஸ்லோவில் மறுபடி ஊற வேண்டும். அவ்வளவு மெல்லிய பொருள் அத்தனையையும் தாங்குமா என்று முன்கூட்டியே பார்க்க வழியில்லை. ஓஸ்லோ அறை கூட்ட நேரத்துக்குத்தான் கிடைத்தது. வழியில் எதுவும் வெட்டுப்படாமலிருக்க ஓஸ்லோ வரிசையின் வடிகட்டியையும் நிறுத்தி வைத்தார்.

டாக்னி தொடங்கும்போதே ஒன்று சொன்னார். "படத்தை யாரும் கையால மாத்த வேண்டாம். தானா எப்படி ஓடுதுன்னு பாக்கத்தான் நான் வந்திருக்கேன்."

குன்வோர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் ஐவின்ட் நேர்மையாகப் பேசினார். தன் பழைய அறிக்கை தவறு என்றார், ஆனால் ஒரே ஒரு வியாழனை வைத்து எதையும் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். டாக்னி தலையசைத்துக் குறித்துக்கொண்டார். பிறகு தீவைக் கூப்பிட்டார்.

"எட்வின், உங்க காலு இப்போ நல்லா இருக்கா?"

தீவின் விளக்கு வரிசையில் ஒன்று ஏறியது. இரண்டு. இறங்கிவிட்டது. திரை மாறவில்லை. குன்வோருக்கு அப்போதுதான் அந்த இன்னொரு வரி நினைவுக்கு வந்தது, மூன்றாம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது: தும்மலுக்கும் இருமலுக்கும் படம் தாவிவிடாதபடி, சத்தம் இரண்டு நொடி நீடித்தால்தான் பாலம் முகத்தை மாற்றும். ஒரு மனிதனின் ஆமாம் அரை நொடி. டாக்னி இன்னும் தன் திரையில் டாக்டர் ஐவின்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்வினின் மூச்சு அவர் காதுக்குப் போனதா இல்லையா என்று அவர் முகத்திலிருந்து தெரியவில்லை. குன்வோரின் கைகள் தொடைக்கு அடியில் மரத்துப் போயின. ஒரு பொத்தானை அமுக்கினால் படம் தீவுக்குத் தாவிவிடும். குன்வோர் அதைத் தொடவில்லை.

டாக்னி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, எல்லாரையும் கேக்கிறேன். அந்த அறையில இருக்கிற எல்லாரையும். இந்த வியாழக்கிழமைச் சந்திப்பு உங்களுக்கு வேணுமா?"

தீவில் பதினான்கு பேர் இருந்தார்கள். வாழ்க்கையில் எதையும் சேர்ந்து சொல்லிப் பழகாதவர்கள். ராக்னா முதலில் மூச்சை இழுத்தார். பிறகு எட்வின். பிறகு பின்வரிசையில் ஐவர், சன்னல் பக்கம் அறுவர், கடைசியில் கதவோரம் வாளியோடு நின்ற ஹில்மார். கூழாங்கல் கரையில் ஏறிய அலை கடலுக்குத் திரும்பும்போது எழும் அந்தச் சத்தம், ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு, நீளமாக. பச்சை விளக்கு ஏறியது, நின்றது, இன்னும் ஏறியது. ஒரு நொடி. ஒன்றரை. இரண்டு.

திரை தாவியது.

ஓஸ்லோவிலும் கரையிலும் மருத்துவமனையிலும் ஒரே நேரத்தில் ஹெஸ்ட்வேரின் பதினான்கு முகங்கள் வந்து நின்றன, எல்லா வாயும் கொஞ்சம் திறந்தபடி, எல்லா மார்பும் நிறைந்தபடி.

பேசுகிறவருக்கு அவர் முகத்தை அல்ல, அவருக்கு முன்னால் பேசியவரின் முகத்தைத்தான் பாலம் எப்போதும் காட்டும். அதனால் தீவுக்குப் போகும் படம் ஓடிய குன்வோரின் சின்னத் திரையில் ஓஸ்லோ இன்னும் இருந்தது. அந்த நடுத்தர வயது அதிகாரி கண்ணாடியைக் கையில் வைத்தபடி தீவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடும் லேசாகப் பிரிந்தது. கணினி வலையின் விளக்கு வரிசையில், மொழிபெயர்ப்பாளரைத் தாண்டி, ஒரே ஒரு பச்சை ஏறி இறங்கியது.

அவர் எந்த ஊரில் பிறந்தார் என்று குன்வோர் கடைசிவரை விசாரிக்கவில்லை. அடுத்த வருடமும் வியாழக்கிழமை உண்டு என்று கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டது.

ஓஸ்லோ இணைப்பிலிருந்து இறங்கியது. டோர்டிஸ் இறங்கினார். டாக்டர் ஐவின்ட் படியிறங்கி வந்து குன்வோரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தீவின் ஆறு இணைப்புகளும் அப்படியே இருந்தன. அங்கே அறையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். காப்பி இயந்திரம் வெற்றி ஊர்வலமாகத் திரும்பி வந்தது. கடல்காகம் கத்தியது, திரையில் அதன் சன்னல் தெரிந்தது. ஹில்மார் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து கேமராவுக்கு முன் உட்கார்ந்தார். மேலெல்லாம் மீன் குடல்.

"நாத்தம் வருதா?"

"அதுக்கு இன்னும் தரம் வரல. நல்லவேளை."

ஹில்மார் கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார்.

"இருபத்துமூணாந்தேதி இங்க நெருப்பு வைப்போம். நடுக்கோடை நெருப்பு. பழைய படகு ஒண்ணு வெச்சிருக்கோம் எரிக்கறதுக்கு. எட்வின் பாடுவாரு, அதைத் தடுக்க முடியாது." நிறுத்தினார். "காலைப் படகு ஏழு மணிக்கு. உன் மூஞ்சி பச்சையா இருக்காதுன்னு நான் நேர்ல பாத்துக்கணும். வர்றியா?"

குன்வோர் கையை நீட்டி, ஏழாவது திரைக்குப் போய், கடவுச்சொல்லை அடித்து, தன் மேசை ஒலிவாங்கியின் வடிகட்டியை நிறுத்தினார். ஹில்மார் காத்திருந்தார். அவருக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. பிறகு குன்வோர் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் குனிந்து பதில் சொன்னார், தன் ஊர் முறைப்படி, மூச்சை முழுதாக உள்ளே இழுத்து.

அவருடைய வரிசையில் ஒரு பச்சை விளக்கு ஏறியது.

"கேட்டுச்சு," என்றார் ஹில்மார்.